கையை மட்டும் படம் பிடிப்பார்கள்

எங்கள் தொழிற்சாலையில் எனக்கு முப்பத்தெட்டு என்று பெயர். வயது என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. அது நொடிக்கணக்கு.

காரின் கதவுக்குள் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். கண்ணாடி ஏறுவதும் இறங்குவதும் கதவு பூட்டிக்கொள்வதும் அது சொல்லித்தான் நடக்கும். அதைத்தான் நாங்கள் செய்கிறோம். சர்க்யூட் பலகையை உள்ளே உட்கார வைத்து, இரண்டு கனெக்டர்களை 'டக்' என்று சத்தம் வரும்வரை கட்டைவிரலால் அழுத்தி, மூன்று ஸ்க்ரூ முடுக்கி, மூடி போட்டு, லேபிள் ஒட்டித் தள்ள வேண்டும். ஒரு மேசைக்கு ஒரு ஆள், ஒரு ஆளுக்கு ஒரு முழுப் பெட்டி. நான் இதை முப்பத்தெட்டு நொடியில் முடித்துக் காட்டினேன். அன்றிலிருந்து எல்லோரும் அந்த நொடிக்குள் முடிக்க வேண்டும் என்றாகிவிட்டது. ஆசையாகவா அந்தப் பெயரை எனக்கு வைத்திருப்பார்கள்?

நடந்தது இதுதான். பதினோரு வருடத்துக்கு முன்னால் இந்த லைன், அதாவது மேசை, கருவி எல்லாம், வேறொரு நாட்டிலிருந்து மரப்பெட்டிகளில் வந்து இறங்கியது. கூடவே ஒரு வீடியோவும் வந்தது. பயிற்சி அறையில் எங்களை உட்கார வைத்து அதைப் போட்டார்கள். முகம் கிடையாது, குரல் கிடையாது, இரண்டு கைகள் மட்டும். பெண் கைகள். இடது மணிக்கட்டில் கடிகாரம் கட்டிக் கட்டி வெளுத்த தடம். அந்தக் கைகள் ஒரு பெட்டியை ஐம்பத்திரண்டு நொடியில் முடிக்கும். அந்த ஐம்பத்திரண்டில் கடைசி நாலு நொடி, உள்ளங்கை இரண்டையும் மேசைமேல் விரித்து வைத்துச் சும்மா இருக்கும். பிறகுதான் அடுத்த பெட்டியைத் தொடும்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, முதல் வேலை. "என்ன, இந்தம்மா தூங்குதா?" என்று சத்தமாகவே கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மூன்று மாதத்தில் அந்த நாலு நொடியைத் தூக்கி எறிந்தேன், மிச்சத்திலும் பத்தைப் பிடுங்கிப் போட்டேன். அப்போதிருந்த மேனேஜர் என் கைகளைப் படம் பிடித்தார். கேக் வெட்டினார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள், என் மாமியார் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். அடுத்த மாதம் பன்னிரண்டு மேசையில் மூன்றைத் தூக்கிவிட்டார்கள். பன்னிரண்டு பேர் ஐம்பத்திரண்டு நொடியில் செய்கிற வேலையை, முப்பத்தெட்டு நொடியில் ஒன்பது பேர் செய்துவிடலாம் அல்லவா? அந்தக் கணக்கு எனக்குக் கேக் வெட்டும்போது தெரியாது. போன மூவரில் ஒருத்தி சுருட்டை. என் சாப்பாட்டு டப்பாவில் பாதி அவளுடையது, அவளுடையதில் பாதி என்னுடையது என்று இருந்தவள். இன்றைக்கும் பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வாள். நல்லது. நானாக இருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

நுழைவாயிலில் ஒரு பலகை உண்டு. 'ஒரு பெட்டிக்கான ஆள்செலவு' என்று தலைப்பு, கீழே ஒரு சிவப்புக் கோடு. வருடத்துக்கு வருடம் அது இறங்கிக்கொண்டே வரும். கார் கம்பெனிக்காரன் வருடம் பிறந்தால் விலையைக் குறை என்பானாம், இவர்கள் எங்களைக் குறைப்பார்களாம். வீட்டு வாடகை ஏறுகிறது, கேஸ் விலை ஏறுகிறது, மாமியாருக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. உலகத்திலேயே இறங்குகிற ஒரே சமாசாரம் அந்தக் கோடுதான். ஒரு நாளைக்கு எழுநூறு பெட்டி, ஆயிரத்து நானூறு அழுத்து. இப்போதெல்லாம் காலையில் எனக்குப் பற்பசை மூடியைத் திறக்க முடிவதில்லை. என் வீட்டுக்காரர் திறந்து, பிதுக்கி, பிரஷ்ஷில் வைத்துத் தருகிறார். பாசம் என்று மாமியார் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் ஒரு நாள், மெயின்டனன்ஸ் பார்க்கிற ஸ்பேனர் அண்ணன் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து என் மேசையின் நீளம் அகலம் பார்த்தார்.

"என்னண்ணே, மேசைக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"பெட்டிக்கு அளவு எடுக்கறேன்."

"எந்தப் பெட்டி?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "மரப்பெட்டி. எட்டு மாசத்துல லைன் கிளம்புது. வேற நாடு. அங்க ஆள்கூலி இங்க இருக்கறதுல பாதியாம்."

ஒன்பது மேசையில் எனக்கு அடுத்த மேசை என் நாத்தனாருடையது. என் வீட்டுக்காரரின் தங்கை, எங்கள் வீட்டிலேயே இருப்பவள். இரண்டு வருடத்துக்கு முன் நான்தான் கெஞ்சிக் கூத்தாடி அவளை உள்ளே சேர்த்துவிட்டேன். போனால் ஒரே வீட்டில் இரண்டு சம்பளம் போகும்.

இந்த லைனை முன்பு அங்கே போய்க் கழற்றி வந்தவர் ஸ்பேனர் அண்ணன்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "அந்த வீடியோல வர்ற கை யாரோடதுன்னு தெரியுமா அண்ணே?" என்று கேட்டேன்.

"பார்த்திருக்கேன். நாங்க கழட்டிக்கிட்டு இருந்தப்போ வந்து, இதுதான் என் மேசைன்னு காட்டிச்சு. மேசைய நல்லா துடைச்சு வேற குடுத்துச்சு. கையை விரிச்சு வெச்சுக்கிட்டு நாலு நொடி இருக்குமே, அது சும்மா இருந்தது இல்ல. கட்டைவிரல் போகுதுன்னு நாப்பது நாள் வேலைநிறுத்தம் பண்ணியிருக்காங்க. ஒரு பெட்டிக்கு நாலு நொடி ஓய்வுன்னு எழுதி வாங்கியிருக்காங்க. கூட இருந்த மொழிபெயர்க்கற ஆள் சொன்னான்."

"இதைப் பதினோரு வருஷமா ஏன் சொல்லல?"

"மூணாவது மாசமே நீ அதைத் தூக்கி எறிஞ்சுட்ட. கேக்கு வேற வெட்டினாங்க. எனக்கும் ஒரு துண்டு குடுத்த. அதை வாயில வெச்சுக்கிட்டு என்னத்தச் சொல்றது?"

அவமானம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நாற்பது நாள் பட்டினி கிடந்து அவர்கள் வாங்கியதை, ஒருத்தரும் கேட்காமலே நான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அதற்குச் சான்றிதழ், அதற்குச் சட்டம், வரவேற்பறையில் ஆணி.

ஒரு வாரம் கழித்து மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். இவர் புதியவர், வந்து ஒரு வருடம். பக்கத்தில் நேரம் அளக்கிற இன்ஜினியர் பையன் நின்றான். நாங்கள் அவனை ஸ்டாப்வாட்ச் என்போம். மேனேஜர் என்னை உட்காரச் சொன்னார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

"புது மாடல் பெட்டி மூணு வாரமா எல்லாரும் பழகறீங்க இல்லம்மா? அதுக்கு ஒரு வீடியோ எடுக்கணும். கையை மட்டும் எடுப்போம். உங்க கைதான் வேணும்."

புது மாடலில் ஸ்க்ரூ கிடையாது, மூடி தானாக மாட்டிக்கொள்ளும். ஆனால் கனெக்டர் மூன்று. பழகும்போதே நான் முப்பத்து நாலு நொடிக்கு வந்திருந்தேன்.

"வீடியோ எங்க போகுது சார்?"

"அது ஒரு ஆவணத்துக்கு."

"ஆவணம் மரப்பெட்டியிலயா போகும்?"

ஸ்டாப்வாட்ச் தரையைப் பார்த்தான். மேனேஜர் சிரித்து, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "தெரிஞ்சிருச்சா, நல்லது. லைன் போனாலும் சாமான் வைக்கற ஸ்டோர் இங்கதான் இருக்கும். அதுல உங்களுக்கு நிரந்தர வேலை. இப்பவே எழுதித் தர்றேன். முப்பத்து நாலு வீடியோல வரணும், அவ்வளவுதான்."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. சரி சார் என்று எழுந்து வந்துவிட்டேன். அடுத்த மாதம் இங்கேயும் புது மாடல் ஓடத் தொடங்கும்; முப்பத்து நாலு வந்தால் அப்போதே எங்கள் ஒன்பதில் ஒரு மேசை போகும். கடைசியாகச் சேர்ந்தவள் என் நாத்தனார். அது முதல் கணக்கு. எட்டு மாதம் கழித்து எங்கோ ஒரு பயிற்சி அறையில் யாரோ பெண்கள் என் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அது இரண்டாவது கணக்கு.

மறுநாள் ஒத்திகை. ஸ்டாப்வாட்ச் மேலே கேமராவை மாட்டி விளக்கைத் திருப்பித் திருப்பி வைத்தான். நான் ஒரு பெட்டி முடித்தேன், உள்ளங்கைகளை விரித்து மேசையில் வைத்தேன், மனசுக்குள் நாலு எண்ணினேன், அடுத்ததைத் தொட்டேன். ஐந்து பெட்டியும் அப்படியே.

"அக்கா, அந்தக் கையை வெக்கறது வேணாம்."

"அதுவும் வேலைதான் சார். இந்த லைன் வரும்போது கூடவே வந்தது. பழைய வீடியோவைப் போட்டுப் பாருங்க."

அவன் விளக்கைச் சரிசெய்வது போலக் குனிந்து, மெதுவாகச் சொன்னான். "நீங்க வெச்சாலும் பிரயோஜனம் இல்லக்கா. எடிட் பண்றப்போ வெட்டிடுவாங்க. கை அசையாம இருந்தா வெட்டறது ரொம்ப சுலபம்."

அவன் என்னை எச்சரித்தானா, வழி காட்டினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் சமையலறையில் நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

"அண்ணி, உங்களுக்கு என்ன கிறுக்கா? ஸ்டோர் வேலைய எழுதியே தர்றேங்கறாரு. பேசாம வாங்கிக்கோங்க."

"வாங்கினா அடுத்த மாசம் நீ வெளிய."

"நான் எப்படியும் வெளியதான். இப்பப் போனா என்ன, எட்டு மாசம் கழிச்சுப் போனா என்ன? ஒரு சம்பளமாவது இந்த வீட்டுக்கு நிக்கட்டும். முகம் தெரியாத எவளுக்கோ நீங்க ஏன் தலைய குடுக்கறீங்க?"

"எவளுக்கோன்னா? அந்த எவளோடதத்தானே நான் பிடுங்கினேன்? அது அங்கயா போய் விழுந்துச்சு? இந்தா, இங்க விழுந்துச்சு." என் கட்டைவிரலை அவள் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன். விரல் நேராக நிற்கவில்லை, நடுங்கியது. கத்தியதில் மாமியார் கூடத்திலிருந்து தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். எங்கள் வீட்டில் சண்டை வந்தால் அவர் அப்படித்தான் கலந்துகொள்வார்.

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பெட்டிக்கு உப்பு டப்பா, அதன் மூடி, கனெக்டருக்கு மூன்று தீப்பெட்டி என்று எடுத்து வரிசையாக வைத்தேன். கை நிற்காமல் இருக்க வேண்டும், ஆனால் மெதுவாக இருக்க வேண்டும். அப்போதுதான் வெட்ட முடியாது. செய்து பார்த்தேன். அதைப் பார்த்தவள், கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"முப்பத்தாறு," என்றாள்.

"மெதுவாத்தானே செஞ்சேன்?"

"இதுவா மெதுவு? மறுபடியும் செய்யுங்க."

முப்பத்தேழு. முப்பத்தைந்து. என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. பதினோரு வருடம் அடித்து அடித்து ஓட்டிய மாடு, நில் என்றால் எங்கே நிற்கும்? எனக்கு அழுகை வந்தது, அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நாட்டுல இருக்கற மருமகளுங்க எல்லாம் வேலைய மெதுவா செஞ்சு பேர் வாங்கறாங்க. நமக்குன்னு வாய்ச்சது பாரு," என்றாள்.

வழி சொன்னதும் அவள்தான். "ஒவ்வொரு கனெக்டரையும் அழுத்தினதும் ஒரு தடவ இழுத்துப் பாருங்க அண்ணி, உக்காந்துச்சான்னு. அப்புறம் பெட்டியைத் திருப்பி மூணு பக்கமும் பாருங்க. வெட்டினா பெட்டி குதிக்கும், பார்க்கறவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

இழுத்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டுவதற்குள் ஐம்பத்து நாலு வந்தது. மறுபடியும் ஐம்பத்து நாலு. விரல் வலிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அன்றைக்கு நறுக்கின காய் நறுக்கினபடியே கிடந்தது. எல்லோரும் ரொட்டியும் ஊறுகாயும் தின்றோம்.

அடுத்த நாள் பத்து மணிக்குக் கேமரா ஓடத் தொடங்கியது. ஒன்பது மேசையில் எட்டு ஓடிக்கொண்டிருந்தது, என் மேசை மட்டும் வெள்ளை விளக்கில். நான் அழுத்தினேன், இழுத்தேன், திருப்பினேன். நாலாவது பெட்டியில் மேனேஜர் வந்து பின்னால் நின்றார். ஏழாவதில் அவர் ஸ்டாப்வாட்ச்சின் கையிலிருந்த திரையைப் பார்த்தார்.

"நிறுத்துங்கம்மா. என்ன பண்றீங்க?"

"பெட்டி பண்றேன் சார்."

"நேத்து வரைக்கும் முப்பத்து நாலு. இன்னைக்கு என்ன ஐம்பத்து நாலு? வேணும்னே பண்றீங்க."

"ஆமா சார், வேணும்னேதான்."

பக்கத்து மேசைகளில் கைகள் நின்றன. அவர் இதை எதிர்பார்க்கவில்லை. உடம்பு சரியில்லை, விளக்கு கண்ணில் அடிக்கிறது என்று ஏதாவது சாக்குச் சொல்வேன் என்று நினைத்திருப்பார். எனக்கே அப்படி ஒரு சாக்கு வாயில் தயாராக இருந்தது. வெளியே வந்தது என்னவோ இதுதான்.

அவர் லேப்டாப்பைத் திறந்து ஒரு வீடியோவைப் போட்டு என் முன்னால் வைத்தார். பதினோரு வருடத்துக்கு முந்தைய என் கைகள். வீக்கம் இல்லை, நடுக்கம் இல்லை. பறந்துகொண்டிருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பார்க்கப் பார்க்க அந்தக் கையில் ஒன்று போடலாம் போல இருந்தது.

"இது யாரு? நீங்கதானே?" என்றார்.

"அந்தப் பொண்ணு வேலைய விட்டுப் போயிட்டா சார்."

யாரோ சிரித்தார்கள். மேனேஜர் காது சிவந்தது. அவர் திரும்பி, அடுத்த மேசையில் இருந்த என் நாத்தனாரைப் பார்த்து, "நீங்க வந்து உக்காருங்க," என்றார்.

அவளுக்கு நான் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. அவள் வேலை போகும் என்று பயந்தால் அதில் தப்பே இல்லை. முப்பத்தைந்தில் முடித்தால் அந்த ஸ்டோர் வேலை அவளுக்கே கிடைக்கலாம், அதிலும் தப்பில்லை. நான் எழுந்து இடம் விட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். பலகையை உட்கார வைத்தாள். அழுத்தினாள். கனெக்டரைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஐம்பத்தாறு.

"என்னைவிட ரெண்டு நொடி கூட," என்று நான் முணுமுணுத்தேன். "நான் உங்க அளவுக்குப் பழகல அண்ணி," என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

மூன்றாவது ஆளைக் கூப்பிட்டார். நாலாவது ஆளைக் கூப்பிட்டார். இழுத்துப் பார்ப்பதையும் திருப்பிப் பார்ப்பதையும் அவர்கள் எங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில், நின்ற இடத்திலேயே. ஒருவரும் ஐம்பத்து மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை.

"எல்லாரும் சேர்ந்து நாடகம் போடறீங்களா?"

"சார்," என்றேன். "எங்க ஒன்பது பேரையும் இன்னைக்கே அனுப்பிடுங்க. புது ஆளுங்களை எடுத்துப் படம் பிடிங்க. பழகறதுக்கு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் தினமும் நாலு மணிக்குக் கார் கம்பெனி லாரி வந்து நிக்குமே, அதுல நீங்க ஏறிப் போய் பெட்டி இல்லன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க. இல்லேன்னா எட்டு மாசம் நாங்க இப்படித்தான் செய்வோம். மேசை வேணும்னா கூடும், ஒண்ணுகூடக் குறையாது."

அவர் கணக்குத் தெரிந்தவர். தெரியாமலா சிவப்புக் கோடு இறங்கும்? என்னைப் பார்த்தார், லாரி வருகிற கதவைப் பார்த்தார், மணியைப் பார்த்தார்.

"ஸ்டோர் வேலைய மறந்துடுங்க," என்றார்.

"நேத்தே மறந்துட்டேன் சார்."

அவர் போய்விட்டார். வீரம் எல்லாம் வாயில்தான். வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது, எட்டு மாதத்துக்குப் பிறகு எந்த வாசலில் போய் நிற்பது என்று ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓடியது. நாத்தனார் என் முதுகில் ஒரு அடி கொடுத்து, "உக்காருங்க," என்றாள். அடி பலமாகவே இருந்தது; ஸ்டோர் வேலைக்கான கோபம் அதில் கொஞ்சம் இருந்தது.

ஸ்டாப்வாட்ச் மட்டும் கேமராவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கையில் படிவம். வீடியோவோடு சேர்ந்து போகிற தாள் அது. ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"நாளைக்கு அனுப்பணும். எவ்வளவுன்னு போடட்டும் அக்கா?"

"ஓடினதைப் போடுங்க தம்பி," என்றேன். அவனை நான் சார் என்று கூப்பிடாதது அதுதான் முதல் தடவை.

அவன் எழுதினான். ஐம்பத்து நாலு. பேனாவை மூடிவிட்டு, மறுபடி திறந்து, பக்கத்திலேயே எழுத்திலும் எழுதினான், யாரும் திருத்த முடியாதபடி.

அங்கே உட்காரப்போகிறவள் யாரென்று எனக்குத் தெரியாது. அவளுக்கு இருபத்திரண்டு வயதாக இருக்கலாம், முதல் வேலையாக இருக்கலாம். என் கைகளைப் பார்த்து, என்ன இந்தம்மா தூங்குதா என்று கேட்பாள். கேட்கட்டும். ஐம்பத்து நாலை நாற்பதாக்குவாள், கேக் வெட்டுவார்கள். அதை என்னால் தடுக்க முடியாது. ஆனால் குறைப்பது என்றால் அவளை வைத்துத்தான் குறைக்க வேண்டும். அவள் தலையில் வைக்க என் கையை நான் கொடுக்கவில்லை.